காலை ஐந்துக்கும் ஆறே முக்காலுக்கும் நடுவே: ஒரு லயத்து வீட்டின் ஆறு மாதம்

மே மாதத்தில் ஒரு புதன்கிழமை இரவு தங்கச்சி போனில் கோல் எடுத்தாள். சின்னவனுக்கு 18 மாதத்தில் போட வேண்டிய ஊசி மூன்று கிழமை தள்ளிப் போய்விட்டது. மருத்துவிச்சி, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கே தேடி வந்து, பக்கத்துக் காம்பராக்காரர்கள் (அறைக்காரர்கள்) எல்லாம் இஸ்தோப்பு என்கிற முன்திண்ணையில் நிற்கும்போது "திகதி போட்டுக் குடுத்தேன்தானே பிள்ள" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதே கிழமை, நாலாம் தரம் படிக்கும் பையன் மூன்று நாளாக ஈரச் சப்பாத்தோடு பாடசாலைக்குப் போய் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். "அக்கா, நான் விடிஞ்சதுல இருந்து ஓடிக்கிட்டேதான் இருக்கேன், ஆனா ஒன்னுமே முடிய மாட்டேங்குது" என்றாள். அதற்குப் பிறகு அழுகைதான்.

நான் பக்கத்துத் தோட்டத்தில் பிள்ளை மடுவம் (குழந்தைக் காப்பகம்) பார்க்கிறேன். பதினொரு வருஷமாகக் காலை ஆறே முக்காலுக்குத் தாய்மார் ஓட்டமும் நடையுமாக வந்து, பிள்ளையை என் கையில் தந்துவிட்டுப் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்துக்கு ஓடுவதைப் பார்க்கிறவள். போத்தலை மறந்து, மாற்றுச் சட்டையை மறந்து, சில நாள் தலைகூடச் சீவாமல் வருவார்கள். இவர்கள் ஒருவரும் சோம்பேறி இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஏன் இப்படி ஆகிறது என்று ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இந்தத் தடவை ஒரு கிழமை லீவு போட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். அதற்குப் பிறகு அக்டோபர் வரைக்கும் ஞாயிறுகளில் போய் வந்தேன். பார்த்ததையும் செய்ததையும், சரி வராததையும் சேர்த்து, அப்படியே எழுதுகிறேன். என் மடுவத்துத் தாய்மார் நாலைந்து பேர் கேட்டார்கள், அவர்களுக்காகத்தான்.

வீடும் ஆட்களும்

இலங்கை மலைநாட்டில், அட்டனிலிருந்து நோர்வூட் பக்கம் போகிற வழியில் ஒரு தேயிலைத் தோட்டம். பழைய லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி ஒரு காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, பின்னால் தங்கச்சியின் புருஷன், என் மச்சான், தகரம் அடித்து இறக்கிய குசினி, அவ்வளவுதான். தங்கச்சி கொழுந்து எடுக்கிறாள், ஒரு நாளைக்கு 18 கிலோ எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். மச்சான் கொழும்பில் புறக்கோட்டையில் ஒரு கடையில் நிற்கிறார், மாதத்துக்கு ஒரு தடவை வருவார். மூத்தவள் ஒன்பதாம் தரம். பையன் நாலாம் தரம், அடுத்த வருஷம் புலமைப்பரிசில் பரீட்சை. அப்புறம் சின்னவன். மச்சானின் அம்மாவும் இவர்களோடுதான், 35 வருஷம் தேயிலை மலையில் நின்று இப்போது இரண்டு முழங்காலும் மடங்காமல் இருக்கிறார்.

இந்தியா கட்டித் தருகிற புது வீட்டுத் திட்டத்தில், ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்துப் போனவர்களை எனக்குத் தெரியும். 2017இல் மோடி நோர்வூட்டுக்கு வந்து இன்னும் 10,000 வீடு என்று சொன்னபோது தங்கச்சியும் அந்த மைதானத்தில் நின்றாள். அவளுக்கு இன்னும் முறை வரவில்லை. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டு ஒழுங்கு பற்றி நான் கேட்ட யோசனை எல்லாம் அலமாரியும் தனி அறையும் குழாய்த் தண்ணியும் இருக்கிற வீட்டுக்குச் சொன்னது. இங்கே ஒரே காம்பராவில்தான் தூக்கம், படிப்பு, சாமி படம், அரிசி மூட்டை எல்லாம். துணி மடித்து வைக்க இடம் இல்லாத வீட்டில் "மடித்து வை" என்று சொல்லி என்ன பிரயோசனம்?

நான் செய்த பிழை

முதல் ஞாயிறே நான் ஒரு பெரிய தாளில் நேரசூசி போட்டேன். ஐந்து மணி எழும்புதல், ஐந்து பத்து அடுப்பு, ஐந்து அரை ரொட்டி, இப்படி இரவு ஒன்பது வரைக்கும் கோடு போட்டுக் கலர்ப் பேனாவால் எழுதி, காம்பராச் சுவரில் ஒட்டினேன். திங்கட்கிழமை காலையில் தண்ணி வரவில்லை. செவ்வாய் சின்னவன் இரவு முழுக்கத் தூங்கவில்லை. புதன்கிழமை கொழுந்து கூடுதல் என்று கங்காணி நேரத்தோடு வரச் சொல்லிவிட்டார். மூன்றே நாளில் அந்தத் தாளைப் பார்த்தாலே தங்கச்சிக்கு முகம் வாடியது. "அதுல உள்ள மாதிரி ஒன்னுமே நடக்கல அக்கா, நான் இன்னும் மோசமாப் போயிட்ட மாதிரி இருக்கு" என்றாள். அன்று இரவே தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். தன் நேரம் தன் கையில் இல்லாதவளுக்கு நேரசூசி போட்டால், தோற்றுப் போனதாக எண்ணுவதற்கு இன்னொரு கணக்கைக் கொடுத்த மாதிரிதான் ஆகும். அவளுடைய நேரம் பெரட்டின் கையிலும், பைப்பின் கையிலும், மழையின் கையிலும் இருந்தது.

கொப்பியில் எழுதினது

அடுத்து ஒன்றையும் மாற்றாமல் சும்மா பார்த்தேன். மூத்தவளின் பழைய கொப்பியில் மிச்சம் இருந்த பக்கங்களில், யார் என்ன செய்கிறார்கள், யார் யாரிடம் என்ன கேட்கிறார்கள் என்று வந்தது வந்தபடி எழுதினேன். வியாழக்கிழமை காலை ஐந்துக்கும் ஆறே முக்காலுக்கும் நடுவே தங்கச்சியிடம் 23 கேள்வி வந்தது. என் டை எங்க? சீனி முடிஞ்சிச்சா? இன்னைக்கு என்ன கிழமை? பாட்டி கேட்ட தைலம் எங்க? தம்பி போத்தல் கழுவியாச்சா? கடைக்காரருக்கு எவ்வளவு குடுக்கணும்? சப்பாத்து காஞ்சிருச்சா? ரொட்டியைத் தட்டிக்கொண்டே, ஒரு காலால் சின்னவனை அடுப்புப் பக்கம் வராமல் தடுத்துக்கொண்டே, இந்த 23க்கும் அவள் பதில் சொன்னாள். பதில் சொல்வதற்காக நாலு தடவை ரொட்டிச் சட்டியை விட்டு எழும்பினாள். இரண்டு ரொட்டி கருகியது.

அதை எழுதி முடித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. வேலை கூடத்தான், அதை இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ரொட்டி சுட ஆள் இருக்கிறது, தண்ணி எடுக்க ஆள் இருக்கிறது, சாப்பாடு கட்ட ஆள் இருக்கிறது, மூத்தவள் கூடமாட எல்லாம் செய்கிறாள். எந்தப் பொருள் எங்கே, எது முடிந்தது, எந்தத் திகதிக்கு என்ன என்பதை மட்டும் ஆறு பேருக்கும் சேர்த்து ஒரு தலைதான் சுமந்தது. கொழுந்துக் கூடையை நிறுவை மடுவத்தில் இறக்கி வைக்கலாம், இதை இறக்கி வைக்க இடமே இல்லை. ஊசித் திகதி தவறியதும் இதனால்தான். அட்டை பெட்டிக்குள் இருந்தது, பெட்டி கட்டிலுக்குக் கீழே இருந்தது, திகதி அவள் தலையில் இருந்தது. அந்தக் கிழமை தலையில் இடமில்லை.

கொப்பியில் தெரிந்த மற்ற இரண்டு விஷயம் தண்ணியும் ஈரத் துணியும். காலைச் சண்டை எல்லாம் சுற்றிச் சுற்றி இந்த இரண்டில்தான் வந்து நின்றது.

தண்ணி

லயத்துக்குப் பொதுப் பைப். காலை ஐந்து முதல் ஆறரை வரைக்கும், பிறகு பின்னேரம் நாலு மணிக்கு மேல் வரும், அதுவும் சில நாள் வராது. காலையில் ஒரு வாளியோடு பைப்புக்கும் வீட்டுக்கும் தங்கச்சியும் மூத்தவளும் மாறி மாறி நடந்தார்கள். நான் எண்ணின ஒரு காலையில் 11 நடை. வீட்டிலோ மூடி போட்ட பாத்திரம் இரண்டுதான் இருந்தது. நடக்கத் தெம்பு இருந்தது, பிடித்து வைக்கத்தான் பாத்திரம் இல்லை.

மழை நாட்டில் இருந்துகொண்டு தண்ணிக்கு வரிசையில் நிற்கிறோமே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மே முதல் செப்டெம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காற்று அட்டன், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கத்தை நனைத்தே வைத்திருக்கும். கணக்கு இலேசானது: ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணி. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் கூரை 11 சதுர மீட்டர் வரும். 20 மில்லிமீட்டர் மழைக்கு 220 லீற்றர், ஏறக்குறைய ஒரு பரல் (பீப்பாய்) நிறையும். மச்சான் ஜூன் மாதம் வந்தபோது ஒரு பிவிசி குழாயை நீளவாக்கில் அறுத்துக் கூரை ஓரத்தில் பீலி கட்டினார், கீழே மூடி போட்ட நீலப் பரல். பெய்யத் தொடங்கி முதல் பத்து நிமிஷத் தண்ணியைக் கானுக்கு விட்டுவிட வேண்டும், கூரைத் தூசியும் துருவும் அதில்தான் வரும். பரல் தண்ணி குடிக்க இல்லை. சட்டி கழுவ, கால் கழுவ, துணி அலச, கக்கூசுக்கு. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் பைப் தண்ணி, அதற்கு மூடியுள்ள 20 லீற்றர் கேன் இரண்டு, இரண்டையும் பின்னேரமே நிரப்பி வைத்துவிடுவது. காலை 11 நடை என்பது இரண்டு, மூன்றுக்கு வந்தது. இந்த ஆறு மாதத்தில் செய்ததில் அதிகம் பலன் தந்தது இதுதான் என்று நான் நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை தோறும் பரலைக் காலி செய்து உள்பக்கம் தேய்த்துக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் நுளம்பு முட்டை போடும், முட்டை பறக்கிற நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும்.

ஆகஸ்ட்டில் ஒரு காற்றுக்குப் பீலி கழன்று விழுந்து நாலு நாள் பழையபடி ஆனது. அந்த நாலு நாளும் வீட்டில் சண்டை. பிறகு பக்கத்து வீட்டு அண்ணன்தான் கம்பி போட்டுக் கட்டித் தந்தார்.

ஈரத் துணி

மழைக்காலத்தில் எங்கள் பக்கம் ஒரு தடித்த துணி காய மூன்று நாள் எடுக்கும், அதுவும் ஒரு மாதிரி ஊசின வாடையோடு. தங்கச்சி ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் முழுக் கிழமைத் துணியையும் தோய்ப்பாள். அம்மாவும் அப்படித்தான் செய்தார், எங்கள் லயம் முழுக்க அப்படித்தான். ஞாயிறு ஒன்றுதான் மலைக்குப் போகாத நாள், வேறு எப்போது தோய்ப்பது? ஆனால் அத்தனை துணியையும் ஒரே நேரத்தில் காயப் போட ஒரு லயத்து இஸ்தோப்பில் கயிறு பற்றாது. ஒன்றின் மேல் ஒன்று தொங்கும், ஒன்றுமே காயாது, செவ்வாய்க்கிழமை அடுப்புக்கு மேலே ஏறும், புகை வாடையோடு வெள்ளை யூனிபோர்ம் பழுப்பாகிப் பாடசாலைக்குப் போகும். கஷ்டம் தோய்க்கிற வேலையில் இல்லை என்று கண்டது தங்கச்சிதான், நான் இல்லை. "கயிறு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் அக்கா தோய்க்கணும்" என்றாள். ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஒரு சின்ன வாளி. ஞாயிறு முழுக்க ஓய்வு என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஞாயிற்றுக்கிழமை முதுகு உடைவது நின்றது.

ஒரு சின்னக் கைவேலை, இதை எல்லாருக்கும் செய்து காட்டி வருகிறேன். சட்டையை அலசி கையால் பிழிந்த பிறகு, ஒரு காய்ந்த தடித்த துவாயைப் பாயில் விரித்து, அதன் மேல் சட்டையைக் கையும் காலரும் மடிபடாமல் பரப்பி, இரண்டையும் சேர்த்துப் பாய் சுருட்டுவது போல் இறுக்கிச் சுருட்டி, அதன் மேல் ஏறி நின்று நாலு மிதி மிதிக்க வேண்டும். பையனுக்கு இந்த மிதிக்கிற வேலை அவ்வளவு பிடிக்கும், சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் மிதிப்பான். பிரித்துப் பார்த்தால் துவாய் கனத்துக் கிடக்கும், சட்டை வெறும் ஈரப்பதத்தோடு வரும். ஹேங்கரில் போட்டு இரண்டு சட்டைக்கு நடுவே ஒரு சாண் இடம் விட்டால் அடுத்த நாள் பின்னேரத்துக்குள் காய்ந்துவிடும். ஆளுக்கு இரண்டு யூனிபோர்ம் என்றால் ஒன்று உடம்பில், ஒன்று கயிற்றில், அது போதும்.

சப்பாத்துக்குள் பழைய பத்திரிகையைக் கசக்கி அடைத்து வைத்து, தூங்கப் போகுமுன் அந்தக் கடதாசியை எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக அடைக்க வேண்டும். முதல் கடதாசி நனைந்து போயிருக்கும், அதையே விடிய விட்டால் பலன் இல்லை. அப்புறம் சம்பள நாளில் பையனுக்குச் சட்டை வாங்கலாம் என்றிருந்த காசுக்கு நாலு சோடி சொக்ஸ் வாங்கினோம். சேற்றுப்புண் ஆறினது அந்த சொக்ஸால்தான், மருந்தை விட. கம்பளிப் போர்வைகளை இனி ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவேதான் தோய்ப்பது என்றும் முடிவு, மழை குறைந்த மாதங்கள் எங்களுக்கு அவைதான்.

அடுப்பு

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இதில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. ரொட்டி மாவை இரவே பிசைந்து மூடி வைப்பது. எங்கள் குளிருக்கு இரவில் குளிர்பெட்டி வேண்டாம், மாவு கெடாது, விடிய எடுத்தால் இழுபட்டு நன்றாக மெதுவாக வரும், தேங்காய்ப்பூ சேர்ப்பதானால் காலையில்தான் சேர்க்க வேண்டும். கடலை, கௌபி, பயறு எதுவானாலும் இரவே ஊறப் போடுவது. அட்டன் கடல் மட்டத்துக்கு 1200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இந்த உயரத்தில் தண்ணி 96 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும், 100 பாகைக்கு ஏறாது, அதனால் கடலை வேகக் கொழும்பை விடக் கூடுதல் நேரம் எடுக்கும். கொழும்பு வீட்டில் சமைத்துப் பழகியவர்கள் இங்கே வந்து "உங்க ஊர்க் கடலை வேகவே மாட்டேங்குது" என்பது இதனால்தான். ஊறப் போட்டு பிரஷர் குக்கரில் வைத்தால் விறகும் மிச்சம்.

2022இல் கேஸ் கிடைக்காமல் போனதிலிருந்து விறகுக்குத் திரும்பியவர்கள் இன்னும் முழுக்க மாறவில்லை. தங்கச்சி கேஸைக் காலைக்கு மட்டும் வைத்திருக்கிறாள், ராச்சாப்பாடு மிலாறில், அதாவது வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சி விறகில். கிழமைக்கு என்ன கறி என்று முன்கூட்டியே பட்டியல் போடுவதையும் முயன்று பார்த்தோம், சரி வரவில்லை. கையில் காசு வருவது 10ஆம் திகதிச் சம்பளத்திலும் 25ஆம் திகதி அட்வான்ஸிலும், சந்தையில் அன்றைக்கு எது மலிவோ அதுதான் கறி. லீக்ஸ் விலை ஏறிப்போன கிழமையில் பட்டியலில் லீக்ஸ் இருந்து என்ன செய்ய?

ஞாபகம்

இதுதான் முக்கியம், இதற்குத்தான் நாள் பிடித்தது.

முதலில் ஆணி. காம்பராச் சுவரில் கதவுக்குப் பக்கத்தில் ஆறு ஆணி அடித்தோம், ஆளுக்கு ஒன்று, பிள்ளைகளுடையது அவர்கள் கைக்கு எட்டுகிற உயரத்தில். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு துணிப்பை. டை, பட்ஜ், சீப்பு, பாஸ், தைலம், சின்னவனின் மாற்றுச் சட்டை, யாருடையது எதுவோ அது அந்தப் பையில், இரவு தூங்குமுன். தங்கச்சி, கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கையும் மழைக்குப் போடுகிற பொலித்தீனையும் அவளுடைய ஆணியில் மாட்டினாள். கல்யாணமாகி 16 வருஷத்தில் அந்த வீட்டில் தனக்கென்று ஓர் இடம் இதுதான் என்று அவள் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அதற்குப் பிறகு "எங்க" என்று யாராவது கேட்டால் ஒரே பதில்: "ஒன் ஆணியப் பாரு." இரண்டு கிழமையில் கேட்பதே குறைந்துவிட்டது.

அடுத்தது மச்சான். கொழும்பில் இருக்கிறவர் வீட்டைக் கூட்ட முடியாது, தண்ணி எடுக்க முடியாது, அதனால் வீட்டு வேலையில் அவருக்குப் பங்கே இல்லை என்றுதான் எல்லாரும் எண்ணியிருந்தோம், அவரும்தான். ஆனால் ஞாபகம் வைக்க வீட்டில் இருக்க வேண்டியதில்லையே. கிளினிக் அட்டை, பாடசாலை நோட்டீஸ், கடைக் கொப்பியின் கடைசிப் பக்கம், சீட்டுக்காசுத் திகதி எல்லாவற்றையும் மூத்தவள் போட்டோ எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினாள். நான் மச்சானிடம் நேராகவே சொன்னேன்: "மச்சான், திகதி எல்லாம் இனி உங்க பொறுப்பு. அவ ஞாபகம் வைக்க மாட்டா. நீங்க சொல்லலன்னா தவறிடும்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சரி அக்கா, நான் பாக்குறேன்" என்றார். கடையில் தொங்குகிற கலண்டரில் எழுதி வைத்துக்கொண்டு, முதல் நாள் இரவு எட்டு மணிக்குக் கோல் எடுப்பார்: நாளைக்கு விட்டமின் ஏ குடுக்குற நாள், மடுவத்தில சொல்லிரு. நாளைக்குப் பையனுக்குச் சித்திரப் பாடம், கலர்ப் பெட்டி பையில இருக்கா? ஆரம்பத்தில் இரண்டு தடவை மறந்தார். தங்கச்சி "நானே வச்சிக்கிறேன் அக்கா, அவருக்கு அங்க எவ்வளவு வேல" என்று திரும்ப எடுத்துக்கொள்ளப் பார்த்தாள். நான் விடவில்லை. தவறினால் தவறட்டும், கலர்ப் பெட்டிதானே, ஊசி இல்லையே என்றேன். மூன்றாம் மாதத்திலிருந்து அவர் தவறவிட்டதில்லை. முந்தி காசு அனுப்பியதும் போன் வைத்துவிடுவார், இப்போது மகனின் பாடம் எது, சின்னவனின் நிறை எத்தனை என்று அவருக்குத் தெரிகிறது.

அத்தையின், அதாவது மச்சானின் அம்மாவின், விஷயம் வேறு. முழங்கால் முடியாதவரை வேலை சொல்லக்கூடாது என்று தங்கச்சி ஒன்றும் கேட்பதில்லை. அவரோ "என்னைய யாரு மதிக்கிறா, ஓரத்துல கெடக்குறேன்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்த, ஒக்காந்துக்கிட்டே செய்யிற வேலையில எதெல்லாம் நீங்க எடுத்துக்குவீங்க?" என்று கேட்டேன். அரிசி பொறுக்குவது, வெங்காயம் பூடு உரிப்பது, துணி மடித்து ஆணிப் பையில் போடச் சொல்வது, சின்னவனைப் பின்னேரம் கதை சொல்லிப் பிடித்து வைப்பது. கடைசியில் அவரே சொன்னார்: "சீனி, மா, பருப்பு எது முடியப் போகுதுன்னு நான் பாத்துச் சொல்றேன். அந்தக் காலத்துல கடைச் சாமான் எல்லாம் என் கணக்குலதான்." எழுதத் தெரியாதவர். டின்களின் வெளியே கரித்துண்டால் கோடு போடுகிறார், சாமான் கோட்டுக்குக் கீழே போனால் சொல்வார். அக்டோபர் வரைக்கும் சீனி முடிந்து அவசரத்தில் கடைக்கு ஓடினது ஒரு தடவைதான்.

நாங்கள் கவனிக்காமல் விட்டது

ஜூலைக் கடைசியில் வீடு ஓரளவு ஓடியது. தங்கச்சி முகத்தில் தெளிவு. எனக்கும் சந்தோஷம். ஆனால் கொப்பியை எடுத்துப் பின்னோக்கி வாசித்தால், தங்கச்சியிடமிருந்து இறங்கினதில் பாதி மூத்தவள் தலையில் ஏறியிருந்தது. போட்டோ அனுப்புவது அவள், கேன் நிரப்புவது அவள், தம்பியின் ஆணிப் பையைச் சரிபார்ப்பது அவள். இரண்டாம் தவணைப் பரீட்சையில் கணக்கு 71லிருந்து 48க்கு இறங்கியிருந்தது, யாரும் ஏன் என்று கேட்கவில்லை. 14 வயதுப் பிள்ளை, இன்னும் இரண்டு வருஷத்தில் சாதாரண தரம். நானும் தங்கச்சியும் வளர்ந்தது இப்படித்தான், நான் தம்பிமாரைத் தூக்கிக்கொண்டு ஏழாம் வகுப்போடு ஒரு வருஷம் நின்றவள். பெண் பிள்ளை இருந்தால் வீடு ஒழுங்காக இருக்கும் என்று சொல்வார்களே, அந்த ஒழுங்கு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் என் கண் முன்னால் அதையே திரும்பச் செய்தேன். இந்த ஆறு மாதத்தில் என்னை அதிகம் வருத்தியது இதுதான்.

ஆகஸ்ட்டில் எல்லாவற்றையும் மறுபடி பிரித்தோம். பின்னேரம் இரண்டு கேனும் பையன் வேலை, ஐந்து லீற்றர் போத்தலில் ஒரு கேனுக்கு நாலு நடையாகக் கொண்டு வந்து ஊற்றுவான், ஒன்பது வயதுக்கு அது முடியும். அவன் சொக்ஸை அவனே தோய்க்க வேண்டும், அவன் தட்டை அவனே கழுவ வேண்டும். அத்தை முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆம்பளப் புள்ள சட்டி கழுவுறதா" என்றார். தங்கச்சி சத்தம் போடாமல், "அத்த, ஒங்க மகன் கொழும்புல தனியாத்தானே சட்டி கழுவிச் சாப்புடுறாரு" என்றாள். அத்தை அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. மூத்தவளுக்கு இரவு ஏழிலிருந்து எட்டரை வரைக்கும் யாரும் எதுவும் சொல்லக்கூடாது, காம்பரா லைட்டும் அந்த ஒரு மேசையும் அவளுக்கு. இந்த ஒன்றை மட்டும் நேரம் குறித்து வைத்தோம், இது மட்டும் நின்றது.

அக்டோபரில் நிலைமை

மூத்தவளின் மூன்றாம் தவணைக் கணக்கு இனிமேல்தான் தெரிய வரும். அக்டோபர் நடுவில் ஒரு வியாழக்கிழமை திரும்ப எண்ணினேன். ஐந்துக்கும் ஆறே முக்காலுக்கும் நடுவே தங்கச்சியிடம் வந்த கேள்வி ஆறு. ரொட்டி ஒன்றும் கருகவில்லை, ரொட்டியை இரண்டாகப் பிய்த்து நின்றுகொண்டாவது சாப்பிட்டுவிட்டுப் போனாள், மே மாதத்தில் அதுவும் இல்லை. சின்னவனின் மடுவப் பையில் எல்லாம் இருந்தது.

சரி வராதவையும் சொல்ல வேண்டும். தீபாவளிக் கிழமையில் எல்லாம் கலைந்தது, மச்சான், அவர் தம்பி குடும்பம் என்று பதினொரு பேர் ஒரு காம்பராவில், ஆணிப் பைகள் எங்கே போனது என்றே தெரியவில்லை. ஒரு கிழமை கழித்துத் திரும்ப மாட்டினோம். குசினிப் புகை அப்படியே இருக்கிறது, தங்கச்சியின் இருமலும் அப்படியே. மழை பலத்தால் பின் மண்மேடு இறங்குமோ என்ற பயத்தில் விடிய விடிய முழித்திருக்கிற இரவுகளுக்கு ஆணியும் பரலும் மருந்து இல்லை, அது தோட்ட நிர்வாகமும் அரசாங்கமும் செய்ய வேண்டியது. 18 கிலோ எடுக்க முடியாத நாளில் அரைப்பேர் போட்டால் அந்தக் கிழமைக் கணக்கு என்ன செய்தாலும் உதைக்கும்.

இப்போது தங்கச்சி மிலாறு பற்றி யோசிக்கிறாள். அடுத்த மாதம் கீழ் மலையில் கவ்வாத்து வெட்டப் போகிறார்கள், வெட்டின கிழமையே மிலாறு பொறுக்கிக் கட்டி, அடுப்புக்கு மேலே பரண் கட்டி ஏற்றினால் ஜனவரி வரைக்கும் விறகுக்கு அலைய வேண்டாம் என்கிறாள். பரணுக்குக் குழாய் வாங்கி வரச் சொல்லி மச்சானுக்குச் சொல்லியாகிவிட்டது, அவர் திகதி எழுதிக்கொண்டார். பொறுக்குகிற ஞாயிறு நானும் போகிறேன்.